மல்லிகைப் பதியன்



ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி அர்ச். மோனிக்கம்மாள் திருநாள். மறுநாள் 28-ந் தேதி அவளுடைய குமாரன் அர்ச். அகுஸ்தீனார் திருநாள். முன்னாளில் இந்தத் தாயின் திருநாள் மே மாதம் 4-ந் தேதியில் கொண்டாடப்பட்டு வந்தது. 1969-ம் ஆண்டு திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது, திருச்சபை தாயைக் கொண்டுவந்து மகனுக்கு முந்தின நாளில் வைத்தது. தாயைப் பாராமல் மகனைப் பார்க்க வேண்டாம் என்று நமக்குச் சொல்லுவதுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு.

இந்தத் திருநாட்கள் வரும் வேளையில் நம்மில் பலருடைய வீடுகளில் இன்னொரு காரியமும் நடப்பதுண்டு. ஆடி கழிந்து, ஒன்றிரண்டு மழை விழுந்து, மண் பதப்பட்டிருக்கும். வீட்டுக்காரி முற்றத்து மல்லிகையில் ஒரு கொம்பை வளைத்து மண்ணுக்குள் புதைத்துப் பதியன் போடுவாள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கையளிக்கும் வகையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதை அந்தச் செடியினிடத்திலேயே கேட்டறிவோம். காட்டுப் பூக்களைச் சுட்டிக்காட்டித் தம் சீஷருக்கு ஞானம் போதித்த சேசுநாதர் சுவாமி நம்மைக் கோபித்துக் கொள்ளமாட்டார்.

மல்லிகை வருஷம் முழுவதும் பசுமை மாறாமல் நிற்கிற செடி. ஆனாலும் மென்மையான செடி. உறைபனி விழும் தேசங்களில் வெளியே வைத்தால் கருகிப் போகும். அங்கே அதைத் தொட்டியில் நட்டு, குளிர் காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். நம்முடைய வெயிலுக்கோ அதற்கு ஒரு சிறு முற்றம் போதும். ஆனால் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். கத்தரியும் வெண்டையும் அகத்தியும் விதையினால் வருகின்றன. விதைத்தவன் வெளியூர் போய்விட்டாலும் மழை பெய்தால் அவை முளைத்துவிடும். நம் குண்டுமல்லியோ பூத்துப் பூத்துக் கொட்டுமேயொழிய, காய்ப்பதைக் காண்பது அரிது. ஆகையால் உங்கள் முற்றத்தில் இன்று நிற்கும் மல்லிகை, முன்னே எங்கேயோ நின்ற ஒரு மல்லிகையின் கொம்பு. அது அதற்கும் முன்னே நின்ற ஒன்றின் கொம்பு. நடுவில் எங்கேயாவது ஒரு கை அதை வளைத்துப் புதைக்காமல், அல்லது நறுக்கி நடாமல் சோம்பியிருந்தால், உங்கள் முற்றத்தில் அந்தச் செடி இல்லை. உங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்கு அந்தச் சரமும் இல்லை.

கடல் கடந்த பிலிப்பைன்ஸ் தேசத்திலும் இதே செடி நிற்கிறது. அங்கே அதற்குச் சம்பகீத்தா என்று பெயர். 1934-ம் ஆண்டில் அது அந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. கத்தோலிக்கர் நிறைந்த அந்தத் தேசத்தில் கோவில் வாசல்களில் அதைச் சரம் சரமாகத் தொடுத்து விற்பார்கள். ஜனங்கள் வாங்கிச் சுரூபங்களுக்குச் சாத்துவார்கள். நிலக்கோட்டைச் சந்தையிலும் தோவாளைச் சந்தையிலும் விடியுமுன் குவிகிற நம் மல்லிகைக்கு அது உறவு. அது எங்கெங்கே பரவினாலும் மனிதர் கைமாற்றிக் கைமாற்றித்தான் பரவியிருக்கிறது.

விசுவாசமும் குடும்பத்தில் இப்படியே பரவுகிறது. "தேவ வார்த்தையை விதைக்கு ஒப்பிட்டுச் சேசுநாதரே உவமை சொல்லியிருக்கிறாரே, சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான். விசுவாசம் சர்வேசுரனுடைய கொடை என்பதும் மெய். அதை நம் கையால் உண்டாக்க முடியாது. ஆனால் அந்தக் கொடையை ஒரு குழந்தைக்குக் கொடுக்கச் சித்தமாகும்போது அவர் சாதாரணமாய்த் தெரிந்துகொள்ளும் வழி, அதன் தாயும் தகப்பனுமே. அர்ச். சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், அந்த வாலிபனுடைய விசுவாசத்தைப் பாராட்டும்போது, அவனுடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைக்கிறார். திமொத்தேயு பெரிய போதகனானது பின்னால் நடந்தது. முதலில் அவன் ஒரு பாட்டியின் மடியில் இருந்தான்.

நம்முடைய நாட்டுச் சரித்திரத்தைப் பாருங்கள். 1542-ம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறு பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். பிற்காலத்தில், 1773-ம் ஆண்டு சேசுசபை நிறுத்தப்பட்டது. அந்தச் சபைக் குருக்கள் மறுபடியும் மதுரை மிஷனுக்கு வந்தது 1838-ம் ஆண்டில். நடுவில் 65 வருஷங்கள். குருக்கள் மிகவும் அருகிப்போன அந்த நாட்களில் பூசை காண்பதே பல ஊர்களில் அபூர்வமாயிருந்தது. அப்படியிருந்தும் விசுவாசம் அற்றுப் போகவில்லை. அதைக் காப்பாற்றியவர்கள் யார்? உபதேசியார்மாரும், அந்தி விளக்கை ஏற்றிவைத்துப் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்த தாய்மாரும், தகப்பன்மாரும் அல்லவா? அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நம்மில் அநேகர் அவர்கள் போட்ட பதியன்கள்.

இனி, பதியன் போடும் முறையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தாய்ச்செடி. பதியன் போட நினைக்கிறவள் முதலில் கொம்பைப் பார்ப்பதில்லை, செடியைப் பார்க்கிறாள். இலை மஞ்சளோடிய செடியிலும், நோய் கண்ட செடியிலும் பதியன் போடமாட்டாள். ஏனென்றால் விதையில் வரும் செடி தாயைப்போலவும் இருக்கும், வேறாகவும் இருக்கும். பதியனோ அப்படியே தாய்தான். அடுக்குமல்லியின் பதியன் அடுக்குமல்லியாய்த்தான் பூக்கும். தாயில் நோய் இருந்தால் அந்த நோயும் கூடவே வரும்.

பெற்றோர்களே, இது நம்மைக் கொஞ்சம் சுடுகிற வார்த்தை. நாம் சொல்லுவதைப் பிள்ளை செய்வதில்லை என்று குறைப்படுகிறோம். நாம் செய்வதைப் பிள்ளை செய்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மகனைக் கோவிலுக்குள் அனுப்பிவிட்டு, தகப்பன் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். பத்து வருஷம் கழித்து மகனும் அதே மரத்தடிக்கு வந்து நிற்பான். தாய் பிள்ளையைச் செபமாலை சொல்லச் சொல்கிறாள். செபமாலை முடிந்த கையோடு, பங்காளி வீட்டுப் பெண்ணைப் பற்றி வாய் கூசாமல் பேசுகிறாள். பிள்ளை இரண்டையும் கற்றுக் கொள்ளுகிறது. மாறாக, கடன் கொடுத்தவன் மறந்துபோன பணத்தைத் தகப்பன் தேடிப் போய்த் திருப்பிக் கொடுப்பதை ஒரு பிள்ளை ஒருதரம் பார்த்துவிட்டால், திருடாதே என்ற கற்பனைக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்த ஞான உபதேச வகுப்பிலும் கிடைக்காது. ஆகையால் பதியன் போடுமுன் தாய்ச்செடிக்கு உரம் போடுங்கள். நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை மாதமாயிற்று? கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லி எத்தனை நாளாயிற்று? பிள்ளைகளைப் பற்றிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, கொம்பை வளைத்துப் புதைத்தல். அதற்கு இளந்தளிர் ஆகாது, அழுகிப் போகும். முற்றிக் கட்டையான கொம்பும் ஆகாது, வளைத்தால் முறிந்துவிடும். பாதி முற்றின கொம்புதான் வேண்டும். அதை மெல்ல வளைத்து, மண்ணுக்குள் போகிற இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே தோலைச் சற்றே சீவிவிட்டு, நாலைந்து விரல் ஆழத்தில் புதைத்து, நுனியை மட்டும் வெளியே நிமிர்த்தி விடுவார்கள். புதைத்த இடத்தின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். கல் இல்லாவிட்டால் கொம்பு திமிறி எழும்பி வெளியே வந்துவிடும்.

வளைப்பதற்கு ஒரு வயது உண்டு என்பதைப் பாருங்கள். ஐந்து வயதில் கைகூப்பப் பழகாதவனைப் பதினேழு வயதில் வளைக்கப் பார்ப்பது கஷ்டம். "பெரியவனாகித் தானே தெரிந்து கொள்ளட்டும்" என்று சொல்லும் பெற்றோர் இந்நாட்களில் உண்டு. படிப்பில் அப்படிச் சொல்லுகிறார்களா? மூன்று வயதில் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றி விடுகிறார்களே!

தோலைச் சீவுவதும் கொடுமையல்ல. அந்தச் சிறு காயம் பட்ட இடத்தில்தான் வேர் சீக்கிரம் புறப்படுகிறது. கேட்டதையெல்லாம் கேட்ட நிமிஷமே வாங்கிக் கொடுத்து, ஒரு சின்ன மறுப்பும் படாமல் வளர்த்த பிள்ளைக்கு வேர் பிடிப்பது தாமதம். தபசு காலத்தில் ஒரு தின்பண்டத்தை விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்கான உண்டியலில் தன் கையாலேயே போடப் பழகின குழந்தைக்குக் காயமும் படுகிறது, வேரும் விடுகிறது. ஆனால் சீவ வேண்டியது தோல் மாத்திரம். கோபத்தில் கத்தியை அழுத்தினால் கொம்பு துண்டாய்ப் போய்விடும். அடியினாலும் ஏச்சினாலும் செபம் சொல்ல வைக்கப்பட்ட பிள்ளைகள், அடிக்கிற கை தளர்ந்தவுடனே செபத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

கல் என்பது என்ன? வீட்டின் ஒழுங்கு. இரவு எட்டு மணியென்றால் எட்டு மணிக்குக் குடும்பச் செபம். விருந்தாள் வந்தாலும், தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடினாலும், பரீட்சை நெருங்கினாலும் அந்தக் கல் இடம் பெயரக் கூடாது. பத்து நிமிஷச் செபமானாலும் தினமும் இருக்கட்டும். ஒரு நாள் ஒரு மணி நேரம் செபித்து ஒரு மாதம் சும்மா இருக்கிற வீட்டில் கல்லை எடுத்து எடுத்து வைக்கிறார்கள், கொம்பு எழும்பிவிடும். பூந்தோட்டங்களில் மொட்டுப் பறிக்கப் போகும் நம் சகோதரிகள் சூரியோதயத்துக்கு முன்னே, நேரம் தவறாமல் போகிறார்கள். பொழுது ஏறினால் மொட்டின் தரம் குறையும், சந்தைக்கும் நேரம் தப்பிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் ஆத்துமத்துக்கும் பொழுது ஏறுகிறது, பெற்றோர்களே.

மூன்றாவது, காத்திருத்தல். இதுதான் கடினமான பாகம். புதைத்த கொம்பு வேர் பிடிக்க மூன்று, நாலு மாதமாகும். இந்தத் திருநாளில் பதியன் போட்டால், கிறீஸ்து பிறந்த திருநாளையொட்டித்தான் அதைப் பிரிக்கலாம். அதுவரையில் மேலே பார்த்தால் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். மண் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது. வேர் வந்ததா என்று பார்க்க மண்ணைத் தோண்டித் தோண்டி அலைத்தால், வருகிற வேரும் அறுந்துபோகும். அந்த மூன்று மாதமும் கொம்பு எதைக் குடித்துப் பிழைக்கிறது? தாயின் சாரத்தைத்தான். அது தன் வேரினால் ஒரு துளி குடிப்பதற்குமுன் தாயின் வேரினால் குடித்துக் கொண்டிருக்கிறது.

அகுஸ்தீனாருடைய சரித்திரத்தில் இதைத் தெளிவாய்க் காண்கிறோம். அவர் 354-ம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் பத்திரீசியுஸ் அப்போது அஞ்ஞானி. தாய் மோனிக்கம்மாளோ குழந்தைப் பருவத்திலேயே மகனுக்குக் கிறீஸ்துவின் திருநாமத்தைப் பாலோடு சேர்த்து ஊட்டினாள். மகன் வளர்ந்து கார்த்தேஜ் பட்டணத்துக்குப் படிக்கப் போனான். ஒரு பெண்ணோடு முறைகெட்டு வாழ்ந்தான். மனிக்கேயர் என்ற பதிதரோடு சேர்ந்து ஒன்பது வருஷம் அலைந்தான். மேலே பார்த்தால் பதியன் பட்டுப் போயிற்று. ஆனால் பிற்காலத்தில் தம்முடைய 'பாவசங்கீர்த்தனங்கள்' என்னும் நூலில் அவரே ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பது வயதில் சிசெரோவின் ஒரு நூலைப் படித்து அவர் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்ததாம். ஆயினும் அதில் கிறீஸ்துவின் பெயர் இல்லையே என்ற ஒரு குறை அவரைத் தடுத்ததாம். அந்தப் பெயர் இல்லாத எந்த நூலும், எத்தனை அழகாய் இருந்தாலும், அவரை முழுவதும் கொள்ளை கொள்ள முடியவில்லை. பார்த்தீர்களா? தாய் புதைத்த இடத்தில் மண்ணுக்குள்ளே ஏதோ நடந்து கொண்டுதான் இருந்தது. அது அவளுக்கே தெரியாது.

சேசுநாதர் சுவாமி தாமும் நாசரேத்தூர் வீட்டில் ஏறக்குறைய முப்பது வருஷம் மறைவாய் இருக்கத் திருவுளமானார். அந்த முப்பது வருஷத்தைப் பற்றிச் சுவிசேஷம் சொல்லுவது மிகவும் கொஞ்சம். தேவமாதாவும் சூசையப்பரும் கொடுத்த அன்றாட வீட்டு வாழ்க்கையை அவரே அற்பமாக எண்ணாதபோது, உங்கள் வீட்டில் நடக்கும் சிறு செபத்தையும் சிறு கீழ்ப்படிதலையும் நீங்கள் அற்பமாக எண்ணலாமா?

நாலாவது, அறுத்தல். பெற்றோர்களே, இதை நாம் பேசப் பயப்படுகிறோம். வேர் பிடித்த பதியனைத் தாய்ச்செடியிலிருந்து அறுத்தே தீரவேண்டும். அறுக்காமல் விட்டால் அது தாயோடு சேர்ந்த புதராய்ப் போகும். ஒன்றையொன்று நெருக்கி, நிழல் மூடிப் பூக்குறையும். மல்லிகைக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலை தழைக்கும், பூ வராது. ஆகையால் நன்றாய் வேரூன்றின பிறகு, புது இலை துளிர்த்து, மெல்ல இழுத்துப் பார்த்தால் அசையாமல் மண்ணைப் பிடித்துக் கொள்கிறது என்று கண்டபிறகு, தாய்ப்பக்கத்தில் அறுத்து, வேர் மண்ணோடு எடுத்து, வேறிடத்தில் நடுவார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி. அதில் மக்கின தொழு உரம் 10 கிலோ. செடிக்குச் செடி நாலடி இடைவெளி. நட்ட செடி இரண்டொரு நாள் வாடும். அதைக் கண்டு கலங்கித் திரும்பப் பிடுங்கித் தாயோடு ஒட்ட வைக்க ஒருவரும் பார்ப்பதில்லை.

இதில் இரண்டு தப்பிதங்கள் உண்டு. வேர் பிடிக்குமுன் அறுப்பது ஒன்று. வேர் பிடித்தபின்னும் அறுக்க மாட்டேன் என்பது மற்றொன்று.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைச் சென்னைக்கோ, கோயம்புத்தூருக்கோ, பெங்களூருக்கோ அனுப்புகிறோம். விடுதிக்கு வேண்டிய வாளி, தலையணை, ஊறுகாய், மடிக்கணினி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். தனியாய் ஒரு பூசை காண அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் உண்டா? தானாக ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யத் தெரியுமா? ஒருவரும் பாராத அறையில் படுக்குமுன் சிலுவை வரைந்து கொள்ளுவானா? விடுதிக்குப் பக்கத்தில் எந்தக் கோவில், எத்தனை மணிக்குப் பூசை என்று விசாரித்தோமா? வேர் இல்லாத கொம்பை அறுத்து வெயிலில் நட்டுவிட்டு, மூன்றாம் நாள் காய்ந்துபோயிற்றே என்று பட்டணத்தைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

மற்றத் தப்பிதம் அன்பின் வேஷம் போட்டு வருகிறது. மகனுக்குக் கலியாணமாகிப் பத்து வருஷம் ஆனபிறகும், அவன் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதைத் தாய்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் மருமகளுக்குக் கண்ணீர், பேரப்பிள்ளைகளுக்குக் கலக்கம். மகள் மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீயாக விரும்புகிறேன் என்றால் வீட்டில் சாவு விழுந்ததுபோல் ஒப்பாரி. ஒரே மகன் குருமடத்துக்குப் போகிறேன் என்றால், "எங்களை யார் பார்ப்பது?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியில் உண்மையான துக்கமும் பயமும் இருக்கின்றன என்பதை நான் அறியாதவனல்ல. முதிர்வயதின் தனிமை லேசானதல்ல. ஆனால் பூக்கும்படி சர்வேசுரன் கொடுத்த செடியை, நம் நிழலில் இலையாகவே நிற்க வைத்துக் கொள்ள நமக்கு உரிமை உண்டா?

மோனிக்கம்மாளும் இதைக் கற்றுக் கொள்ள வேண்டியிருந்தது. 383-ம் ஆண்டு அகுஸ்தீன் ரோமாபுரிக்குப் போகத் தீர்மானித்தான். தாய் கடற்கரை மட்டும் தொடர்ந்து வந்து, போகாதே, அல்லது என்னையும் கூட்டிப் போ என்று பற்றிக் கொண்டாள். சிநேகிதன் ஒருவனை வழியனுப்ப வந்தேன் என்று மகன் பொய் சொன்னான். அன்றிரவு அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அர்ச். சிப்பிரியானுடைய ஞாபகக் கோவிலில் தங்கி, மகன் போகாதிருக்கும்படி அழுது வேண்டினாள். அந்த இரவிலேயே காற்று வீசிற்று. கப்பல் புறப்பட்டுப் போயிற்று. விடியற்காலையில் துறையில் கப்பல் இல்லை, மகனும் இல்லை. அந்தத் தாய் துக்கத்தால் பித்துப் பிடித்தவள்போல் ஆனாள். ஆனால் நடந்தது என்ன? அவன் போன அந்த இத்தாலியாவிலேதான், மிலான் பட்டணத்து மேற்றிராணியார் அர்ச். அம்புரோசியாரின் பிரசங்கம் அவன் காதில் விழுந்தது. 386-ம் ஆண்டு மனந்திரும்பினான். 387-ம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் இரவில், அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றான். அன்றிரவு தாய் கேட்ட மன்றாட்டைச் சர்வேசுரன் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காய் அவள் கேட்டுவந்த மன்றாட்டைக் கொடுப்பதற்காகவே அதை மறுத்தார் என்று, மகனே பிற்காலத்தில் எழுதினார்.

இதைக் கேட்கும் உங்களில் சிலர் மனதுக்குள் அழுகிறீர்கள். உங்கள் பிள்ளை பூசையை விட்டுப் பல வருஷமாயிற்று. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான், பணம் அனுப்புகிறான், கோவிலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அல்லது பக்கத்துத் தெருவிலேயே இருந்து, குடியில் கிடக்கிறான். உங்களுக்கு நான் சொல்லுவது இது. மல்லிகைக்குக் கார்த்திகை மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குமேல் எல்லாவற்றையும் கவாத்து செய்துவிடுவார்கள். அந்த நாளில் வந்து பார்க்கிற அந்நியன், செடி செத்துப் போயிற்று என்பான். தோட்டக்காரன் அப்படிச் சொல்லமாட்டான். தூரில் உயிர் இருப்பது அவனுக்குத் தெரியும். தபசு காலத்தில் துளிர்த்து அரும்பு வைக்கும். உயிர்ப்புத் திருநாளுக்கும் மாதாவின் மே மாதத்துக்கும் கூடை கூடையாய்க் கொடுக்கும். உங்கள் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. தூரில் என்ன இருக்கிறது என்பதைச் சர்வேசுரன் அறிவார். நீங்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதேயுங்கள். ஏசாதேயுங்கள், வாசற்கதவை அடைக்காதேயுங்கள், செபத்தை விடாதேயுங்கள். மோனிக்கம்மாளின் கண்ணீரைக் கண்ட ஒரு மேற்றிராணியார், இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப் போகாது என்ற கருத்தில் அவளைத் தேற்றி அனுப்பினார். அந்தத் தேறுதல் உங்களுக்கும் உரியது.

பிள்ளைப்பேறு இல்லாதவர்களே, இது எங்களுக்கல்ல என்று எண்ண வேண்டாம். ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று எத்தனை பிள்ளைகளைத் தீர்த்தத் தொட்டியில் ஏந்தியிருக்கிறீர்கள்! திருநாளுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுப்பதோடு அந்தக் கடமை தீர்ந்து போகவில்லை. அன்பியக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செபத்தைக் கற்றுக் கொடுக்கும் கையும் பதியன் போடுகிற கைதான்.

முடிவாக, மோனிக்கம்மாளின் கடைசி நாட்களைக் கேளுங்கள். மகன் ஞானஸ்நானம் பெற்ற அந்த 387-ம் ஆண்டிலேயே, ஊருக்குத் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் அவள் நோயாய் விழுந்தாள். வயது 56. சொந்த ஊரில் கணவனுடைய கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணப்பட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய ஆசை. ஆனால் அந்த வேளையில், என் சரீரத்தை எங்கேயாவது வையுங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதேயுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மாத்திரம் என்னை நினைத்துக் கொள்ளுங்கள் என்று மக்களிடத்தில் கேட்டுக் கொண்டாள். கடற்கரையில் மகனைப் பிடித்துக் கொண்டு விடமாட்டேன் என்ற கை, இப்போது ஊரையும் கல்லறையையும் விட்டது. அவள் போட்ட பதியனோ ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராகி, திருச்சபை முழுவதிலும் மணம் வீசிற்று. அதை அவள் இந்த உலகத்தில் இருந்து பார்க்கவில்லை. நடுகிறவர் எல்லோருக்கும் பூப்பறிக்கக் கொடுத்து வைப்பதில்லை.

ஆகையால், பிரியமான பெற்றோர்களே, இந்த வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். கணவனும் மனைவியும் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, 27-ந் தேதி பூசையில் சேர்ந்து திவ்விய நற்கருணை வாங்குங்கள். குடும்பச் செபத்துக்கு ஒரு நேரத்தைக் குறித்து, அந்தக் கல்லை இனி அசைக்காதேயுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையோடு இந்த வாரம் கைப்பேசியில் பேசும்போது, சம்பளத்தையும் சாப்பாட்டையும் விசாரித்தபின், "உனக்காக இன்று செபமாலை சொன்னேன், அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். வீட்டில் மல்லிகைச் செடி இருந்தால், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஒரு பதியனும் போடுங்கள். கல்லைத் தூக்கி வைக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். வேர் பிடித்தபின் அதைக் கிறீஸ்து பிறந்த திருநாளுக்குச் செடி இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள்.

அர்ச். மோனிக்கம்மாளே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக் கொள்ளும். தாயும் கன்னிகையுமான தேவமாதா நம் பிள்ளைகளைத் தம் மேலங்கியின்கீழ் காப்பாற்றுவாளாக. பிதா சுதன் பரிசுத்த ஆவியாகிய சர்வேசுரன் உங்களையும் உங்கள் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக.

ஆமென்.